பெய்தும் கெடுக்குது, காய்ந்தும் கெடுக்குது: கடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறிஞ்சிப்பாடிப் பக்கம் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டு மாடியில் ஒரு மழைமானி, சட்டைப்பையில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர். இந்த இரண்டும் என்னிடம் இருப்பது ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து டீக்கடையில் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. வருகிறவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியை வைத்து, வாயால் சொல்லும் பதிலைக் கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

"அந்தக் காலத்துலயும் புயல் அடிச்சுது, வெள்ளம் வந்துது. இப்ப மட்டும் என்னா சார் புதுசா பருவநிலை மாற்றம்?"

புயலும் வெள்ளமும் நமக்குப் புதிதல்ல, உண்மைதான். வங்கக் கடலில் புயல்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்றுகூட நான் சொல்ல மாட்டேன். பதிவுகள் அப்படிக் காட்டவில்லை. மாறியிருப்பது காற்றின் சூடும் கடலின் சூடும். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரித்து எரித்து, காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு 420ஐத் தாண்டிவிட்டது. 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011-2020 பத்தாண்டில் உலகச் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி கூடுதல். 2024ஐ மட்டும் தனியாக எடுத்தால் ஒன்றரை டிகிரியைத் தாண்டியது.

ஒன்றரை டிகிரியெல்லாம் ஒரு சூடா என்பார்கள். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். துணி பெரிதானால் பிழியும்போது கொட்டுவதும் பெரிதாகத்தானே இருக்கும்? அதே சூடுதான் மழை இல்லாத நாளில் வயலிலும் ஏரியிலும் கிடக்கும் தண்ணீரை வேகமாக உறிஞ்சுகிறது. பெய்து கெடுப்பதற்கும் காய்ந்து கெடுப்பதற்கும் ஒரே அடுப்புதான்.

"மழ கொறஞ்சிப் போச்சா, கூடிப் போச்சா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அப்படி ஒன்றைச் சொல்ல முடியாது. நம் மாவட்டத்தில் ஓராண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். மொத்தம் எவ்வளவு என்பதைவிட, அது எத்தனை நாளில் விழுகிறது என்பதைப் பாருங்கள்.

2015 நவம்பர் 9ஆம் தேதி கொட்டியதைப் பெரியகாட்டுப்பாளையம், விசூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவித்தார்கள். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு நாளில். என் மழைமானியின் குடுவை அன்று வழிந்தே போயிற்று. வழிந்ததை அளக்க முடியாமல் டார்ச்சோடு மாடியில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

"டிசம்பர்ல இடுப்பளவு தண்ணி. சித்திரையில கொழாயில காத்துதான் வருது. அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சி?"

கடலுக்குப் போய்விட்டது. பெஞ்சல் மழையின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலை, சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்தார்கள். வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி. வகுத்துப் பாருங்கள்: அந்த வேகத்தில் வந்தால் வீராணம் இரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். தென்பெண்ணைத் தண்ணீர் வீராணத்துக்கு வராது, அளவு புரிவதற்காகச் சொன்னேன். அவ்வளவும் கரையோரக் குடியிருப்புகளில் புகுந்து, சேறு வாரிப் போட்டுவிட்டு, தாழங்குடா முகத்துவாரம் வழியாகக் கடலில் இறங்கியது.

மண்ணுக்குத் தண்ணீர் குடிக்கும் வேகம் என்று ஒன்று இருக்கிறது. பண்ருட்டி, நெய்வேலி மேட்டுச் செம்மண் வேகமாகக் குடிக்கும். குமராட்சி, புவனகிரிக் களிமண் மெல்ல மெல்லத்தான் குடிக்கும். பத்து சென்டிமீட்டர் மழை பத்து நாளில் பெய்தால் பெரும்பகுதி உள்ளே இறங்கும். ஒரே நாளில் பெய்தால் ஓடிவிடும். கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவதற்கும் சொம்போடு கவிழ்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இதில் பழியெல்லாம் பருவநிலைமேல் போட்டுவிட்டு நாம் கழன்றுகொள்ள முடியாது. ஏரிகள் தூர்ந்து கிடக்கின்றன. வாய்க்கால்மேல் மனை போட்டாயிற்று. ஆற்றுமணல் ஒரு பஞ்சு மாதிரி. வெள்ளத்தைப் பிடித்து வைத்துக் கோடையில் கிணறுகளுக்குக் கசியவிடும். அந்தப் பஞ்சையே லாரியில் ஏற்றி விற்றுவிட்டோம். எங்கள் தெரு முனையில் ஒரு வடிகால் இருந்தது, பையன்கள் அதில் கெண்டை பிடிப்பார்கள். இப்போது அது ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம்.

"போர்த் தண்ணி உப்புக் கரிக்குது. கடல் உள்ள வந்துடுச்சா?"

கடலோரத்தில் பூமிக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதக்கிறது, மோரின்மேல் வெண்ணெய் மிதப்பதுபோல. இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடியை மோட்டார் வைத்து இறைத்துவிட்டால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். முதல் குற்றவாளி மோட்டார்தான், கடல் இரண்டாவது.

ஆனால் அந்த இரண்டாவது குற்றவாளியும் சும்மா இல்லை. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018க்குள் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம். கோடையில் ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடவில்லை என்றால் உப்பனாறு, பரவனாறு, வெள்ளாறு வழியாகக் கடல் ஏறி உள்ளே வருகிறது. பக்கத்தில் இறால் குட்டை இருந்தால் அதன் கசிவும் சேரும்.

உப்புக் கரித்தாலே கடல்தான் என்றும் முடிவு கட்ட வேண்டாம். முன்னொரு காலத்தில் கடல் கிடந்த இடத்துக் களிமண்ணிலேயே உப்பு தங்கியிருக்கும். வடிகால் இல்லாத வயலில் பாசன நீரின் உப்பே வருடக்கணக்கில் சேர்ந்துபோகும். பங்குனியில் வெறுங்காலோடு வயலில் நடந்து பாருங்கள்: மேலே வெள்ளைப் பொருக்கு, காலடியில் அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் முதலில் வடிகால் வெட்டும் வேலையைப் பாருங்கள், உர மூட்டை அப்புறம்.

"மீட்டர்ல அறுநூறு காட்டுது. குடிக்கலாமா?"

உப்பை மட்டும் பார்த்தால் குடிக்கலாம். குடிநீருக்கு டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஆனால் இந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பின் மொத்தத்தை மட்டும்தான் சொல்லும். கிருமி, நைட்ரேட், தொழிற்சாலைக் கழிவு எதுவும் இதற்குத் தெரியாது. 200 காட்டும் தண்ணீரிலும் வாந்திபேதி வரும். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்க்காரர்கள் என் மீட்டரை நம்பாதீர்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஆர்ஓ மெஷின் போட்டாகிவிட்டது என்பவர்களுக்கு: அது ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடத்தை வெளியே தள்ளும். அதைச் சாக்கடைக்கு விடாமல் பாத்திரம் கழுவ வையுங்கள்.

"நெய்வேலியில ராத்திரி பகலா தண்ணிய எறைக்கறான். அதான் காரணம். இதுல பருவநிலைய ஏன் இழுக்கறீங்க?"

இழுக்கவில்லை, இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆர்டீசியன் ஊற்று இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே அது தூக்கிவிடும். அதனால் சுரங்கம் இருக்கும்வரை இறைப்பு நிற்காது. சுற்று வட்டாரத்தில் நீர்மட்டம் இறங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே நேரம் சுரங்கத்திலிருந்து வெளியே வரும் தண்ணீரை நம்பிப் பயிர் வைக்கும் ஊர்களும் உண்டு, அவர்களிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

பருவநிலை எங்கே வருகிறது என்றால், இறைத்ததை ஈடுகட்ட வேண்டியது மழை. அந்த மழை மேலே சொன்னபடி ஒரே நாளில் கொட்டி ஓடிவிட்டால் ஈடு ஆகாது. அப்புறம், எரிகிற அந்தக் கரியும் முதல் கேள்வியில் சொன்ன அடுப்புக்குத்தான் போகிறது.

"வீராணத்துத் தண்ணிய மெட்ராசுக்குக் கொண்டுபோனதாலதான நமக்கு இல்ல?"

2004லிருந்து குழாயில் போகிறது, அது உண்மை. ஆனால் வீராணம் தானாக நிரம்பும் ஏரி இல்லை. குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்து, கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூர் வந்து, கல்லணை தாண்டி, கொள்ளிடத்தில் கீழணை சேர்ந்து, வடவாற்றில் திரும்பி, அதன் பிறகுதான் வீராணம். நம் ஊர் வானம் மட்டும் பெய்தால் போதாது, குடகு வானமும் பெய்ய வேண்டும். இரண்டு பருவமழையும் ஒரே ஆண்டில் ஒழுங்காக இருப்பதற்குத்தான் இனி உத்தரவாதம் குறைவு. ஏரியும் தூர்ந்திருக்கிறது. சென்னைக்குப் போகும் குழாயைவிட, படுகையில் ஏறிய வண்டல்தான் எனக்குக் கவலை.

"பயிர் பச்சப்பசேல்னு இருந்துது. கதிர் வந்தா பாதி பதரு. உரம் பத்தலயா?"

உரக்கடையில் கேட்டால் பத்தவில்லை என்றுதான் சொல்வார்கள். ஒரு பதரை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உமியில் கறுப்புப் புள்ளியும் ஊசி குத்தின தடமும் இருந்தால் கதிர் நாவாய்ப்பூச்சி பால் குடித்திருக்கிறது. உமி சுத்தமாக, உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருந்தால் பூ பிடிக்கவில்லை. நெல் பூ காலை ஒன்பது மணி வாக்கில் திறக்கத் தொடங்கும். ஒவ்வொரு பூவும் ஒரு மணி நேரம்போல விரிந்திருந்து மூடிவிடும். அந்த நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் மகரந்தம் வீணாகிறது. பிந்திப் போட்ட நவரைப் பட்டத்து நெல் சித்திரை வெயிலில் பூக்கும்போது இதுதான் நடக்கிறது. சம்பாவுக்கு மார்கழியில் வெயில் தொல்லை இல்லை, ஆனால் அடைமழை பூவைத் திறக்கவிடாது.

ராத்திரிச் சூட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. பகலில் சம்பாதித்ததைப் பயிர் ராத்திரியில் மூச்சுவிட்டே செலவழிக்கிறது. ராத்திரி சூடாக இருந்தால் செலவு கூடுதல். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் வயலின் 1992-2003 கணக்கை எடுத்து, இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது என்று 2004ல் வெளியிட்டது. மின்விசிறியோடு தூங்கியும் நமக்கு வியர்க்கிற ராத்திரியில் வயலில் நெல்லும் தூங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எத்தினி நாள் முழுவிக் கெடந்தா நெல்லு தாங்கும்?"

சாதாரண ரகம் முழுசாக முழுகிவிட்டால் ஒரு வாரம் தாங்குவதே பெரிது. மூச்சு முட்டி, தண்ணீருக்கு மேலே தலை நீட்டப் பார்க்கும். அந்த முயற்சியிலேயே சேமித்த மாவையெல்லாம் செலவழித்து, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். சப்-1 என்ற மரபணு சேர்த்த ரகம் அந்த அவசரம் இல்லாமல் அப்படியே அடங்கிக் கிடக்கும், இரண்டு வாரம்வரை. நம் பக்கத்துப் பொன்மணிக்கே, அதாவது சிஆர் 1009க்கே, சப்-1 ரகம் வந்திருக்கிறது. அதற்காகச் சர்வரோக நிவாரணி என்று நினைக்க வேண்டாம். பயிர் இளசாக இருக்கும்போதுதான் இந்தத் தாக்குப்பிடித்தல். பூத்த பயிர் முழுகினால் எந்த ரகமும் போச்சு.

தண்ணீர் வடிந்ததும் ஒரு குத்தைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் மண்ணுக்குக் காற்று போகவில்லை. உடனே யூரியாவை வீசாதீர்கள். முதலில் முழுக்க வடிய வையுங்கள், புது வேர் வெள்ளையாக விடும்வரை பொறுங்கள். வேளாண்மைத் துறை சொல்லும் அளவு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு. ஓர் இரவு கலந்து வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷோடு சேர்த்து இட வேண்டும். மழைக்கு நடுவே ராத்திரியில் அடுத்தவர் வரப்பை வெட்டி வடிய வைப்பது மட்டும் வேண்டாம். என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்ததில் பாதி அதுதான்.

"பாட்டன் காலத்து நெல்லுக்குத் திரும்பிட்டா எல்லாம் சரியாயிடும்னு யூடியூப்ல சொல்றாங்களே?"

கொஞ்சம் சரி. களர் நிலத்துக்குக் களர்பாலை, உப்புக் கலந்த கடலோரத்துக்குக் குழியடிச்சான் என்று பெயரே வேலையைச் சொல்லும் ரகங்கள் உண்டு. மேலே சொன்ன சப்-1 மரபணுவே ஒடிசாவின் ஒரு பழைய நாட்டு ரகத்திலிருந்து எடுத்ததுதான். ஆனால் நாட்டு ரகங்களில் பலவும் உயரம், காற்றடித்தால் படுத்துவிடும், விளைச்சல் குறைவு, வாங்குகிறவரை நாமே தேட வேண்டும். அரை ஏக்கரில் போட்டுப் பார்ப்பது நல்லது. கடன் வாங்கி ஐந்து ஏக்கரிலும் மாப்பிள்ளைச் சம்பா போடும் முன் விற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

"அறுப்பு நேரத்துல மழ. ஈரம்னு திருப்பி அனுப்பறாங்க. இன்ஷூரன்ஸ் வருமா வராதா?"

2021 ஜனவரி, 2023 பிப்ரவரி தொடக்கம், இரண்டு முறையும் விளைந்து நின்ற சம்பாமேல் பெய்தது. சாய்ந்த கதிரில் தண்ணீர் பட்டு, நிற்கும்போதே நெல் முளைவிட்டிருந்தது. கையில் உருவினால் ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக ஒரு சின்ன வால். அரசுக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இப்படிப்பட்ட ஆண்டுகளில் மத்திய அரசு கொஞ்சம் தளர்த்தும், ஆனால் அந்த உத்தரவு வருவதற்குள் குவியல் சூடேறிவிடும். தார்ப்பாய் வாங்கி வைப்பது ஒன்றுதான் நம் கையில் இருப்பது.

காப்பீடு பற்றி மிகப் பெரிய குழப்பம் இதுதான்: அது பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்த்துப் பணம் தருவதில்லை. கிராமத்தில் சில வயல்களில் அறுத்துப் பார்த்து, சராசரி விளைச்சல் குறைந்திருந்தால் கிராமத்துக்கே இழப்பீடு. உங்கள் ஒருவருக்கு மட்டும் போயிருந்தால் கிராமச் சராசரி குறையாது, உங்களுக்குப் பணம் வராது. அறுத்து வயலிலேயே உலரப் போட்ட கதிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால் தனியாகக் கேட்கலாம், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சம்பா நெல்லுக்கு நம் பங்குப் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கட்டுங்கள். கட்டிய ரசீதில் சர்வே எண் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். எனக்கு ஒரு முறை ஓர் எண் மாறிப்போய், என் நிலத்துக்குப் பதில் ஊர்க் குளத்துக்குக் காப்பீடு எடுத்து வைத்திருந்தேன்.

"நெல்ல வுட்டுட்டு முந்திரி, பலான்னு போயிடலாமா?"

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கம் போனவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். முந்திரித் தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்தது. தாத்தா வைத்த பலாவெல்லாம் வேரோடு. நெல் போனால் அடுத்த பட்டம் உண்டு, மரம் போனால் வருடக்கணக்கு. மரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, மரத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறேன். மேட்டு நிலத்தில் இளம் முந்திரிக்கு நடுவே மல்லாட்டை (நிலக்கடலை), உளுந்து போடும் பழைய வழக்கம் நல்ல வழக்கம்.

"கரியமில வாயு கூடுனா பயிர் நல்லா வளரும்னு காலேஜ் படிக்கிற பையன் சொல்றான். உண்மையா?"

பையன் பாதி பாடம் படித்திருக்கிறான். நெல், மல்லாட்டை, உளுந்துக்கு அது கொஞ்சம் உதவும். கரும்பு, கம்பு, மக்காச்சோளத்துக்குப் பெரிதாக உதவாது. ஆனால் கூடவே வரும் சூடு, பதர் கேள்வியில் சொன்னபடி, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். இன்னொன்றும் இருக்கிறது: சீனாவிலும் ஜப்பானிலும் 18 நெல் ரகங்களை அதிகக் கரியமில வாயுவில் வளர்த்துப் பார்த்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், அரிசியில் புரதம் சுமார் 10, இரும்பு 8, துத்தநாகம் 5 சதவீதம் குறைந்திருந்தது. மூட்டை அதே எடை, சோற்றில் சத்து குறைவு. மூன்று வேளையும் சோறே சாப்பிடும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

"வாத்தியாரய்யா, மீனு ஏன் முன்ன மாதிரி கெடைக்கல?"

முதுநகரில் கூடை வைத்திருக்கும் ஓர் அம்மா கேட்டது. கடல் சூடேற ஏற மீன் தனக்குத் தோதான சூட்டைத் தேடி வடக்கேயும் ஆழத்துக்கும் போகிறது. மத்தி முன்பு கேரளக் கரையின் மீன். 1980களின் பிற்பகுதியிலிருந்து நம் பக்கமும் நிறையப் படத் தொடங்கியது. ஆக எல்லாமே நஷ்டம் என்று இல்லை. ஆனால் ஆழம் போக டீசல் வேண்டும், புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போகக் கூடாது, அப்படிப்பட்ட நாளில் கூடை காலிதான். அளவுக்கு மீறிய விசைப்படகும் குஞ்சுமீனை வாரும் வலையும் தனிக் காரணம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடையைக் குறை சொல்லாதீர்கள். குஞ்சு பொரிக்கக் கிடைக்கும் நேரம் அது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும் அப்படித்தான், இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் அது தொட்டில்.

"நான் வெவசாயி இல்ல சார். டவுன்ல அரிசி வாங்கித் தின்றவன். எனக்கு என்னா?"

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதே, அப்போது ரசம் எப்படி வைத்தீர்கள்? அதே மாதம் அரிசி விலையைப் பிடித்து வைக்க, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. 2024 செப்டம்பரில்தான் திரும்பத் திறந்தார்கள். நம் தக்காளியில் பெரும்பகுதி ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து வருகிறது. அங்கே மழை தவறினால் திருப்பாதிரிப்புலியூர்ச் சந்தையில் தெரியும். 1867ல் வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது, அந்த உலைக்கும் அரிசி ஏதோ ஒரு வயலில் விளைந்துதான் வர வேண்டும்.

"எல் நினோ வந்தா மழ இல்லன்னு டிவில சொன்னாங்க. நமக்கு வெள்ளம்ல வந்துது?"

எல் நினோ என்றால் பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது. டிவி சொன்னது தென்மேற்குப் பருவமழைக்கு. நமக்குச் சோறு போடுவது வடகிழக்கு. எல் நினோ ஆண்டில் பெரும்பாலும் தென்மேற்கு மெலியும், வடகிழக்கு வலுக்கும். 2015 அப்படித்தான். 2023லும் காவிரி வற்றி அக்டோபரிலேயே மேட்டூரை மூடினார்கள். டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. அதனால் எல் நினோ என்று கேட்டால் நாம் இரண்டு பயத்தையும் சேர்த்துப் படவேண்டும்: வீராணத்துக்கு வரத்து குறையும், நவம்பரில் வயல் முழுகும்.

"நெல்லு வயல்லேருந்து ஏதோ வாயு கெளம்புதாமே? கடைசியில வெவசாயிதான் குத்தவாளியா?"

தேங்கிய தண்ணீருக்கு அடியில் காற்றில்லாத சேற்றில் மீத்தேன் உண்டாவது நிஜம். ஆனால் ஆளுக்கு ஓராண்டுக் கரியமில வாயுக் கணக்கில் அமெரிக்காக்காரர் சுமார் 14 டன், உலகச் சராசரி 5 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, இந்தியர் 2 டன் அளவில். யார் முதலில் குறைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது நமக்கே லாபம். வயலில் ஓட்டை போட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். 30 சதவீதம்வரை தண்ணீர் மிச்சம், மீத்தேனும் பாதிவரை குறையும். பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடாதீர்கள்.

"மழைநீர் சேகரிப்புன்னு குழாய் போட்டாச்சு. அதுல என்னா வந்துடப் போவுது?"

2003ல் சட்டம் வந்தபோது போட்ட குழாய் இன்று எத்தனை வீட்டில் குப்பை அடைத்துக் கிடக்கிறது என்று போய்ப் பாருங்கள். 1,000 சதுரஅடி மாடியில் 1,200 மில்லிமீட்டர் பெய்தால் 1.1 லட்சம் லிட்டர். சிந்தியது போக 80,000 என்று வையுங்கள். நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்றால், ஆண்டுக்கு 7,300 லிட்டர் போதும். மீதியைக் கிணற்றுப் பக்கம் இறக்குங்கள். உப்புக் கேள்வியில் சொன்ன ஓர் அடிக்கு நாற்பதடி கணக்கு இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்யும்.

"எல்லாம் சரி. வர்ற வருஷம் சம்பாவ எப்ப போடறது? அத மட்டும் சொல்லுங்க."

இதுதான் உண்மையில் கடினமான கேள்வி. நவம்பர் நடுவில் பெருமழை என்று வைத்துக்கொண்டால், அதற்குள் பயிர் முழங்கால் உயரம் தாண்டியிருக்க வேண்டும். பள்ளத்து வயலுக்கு அப்படியானால் ஆவணியிலேயே புழுதியில் நேரடி விதைப்பு. ஆனால் விதைத்த பின் ஒரு சாரல் விழுந்து முளைத்துவிட்டு, அடுத்த இருபது நாள் காய்ந்தால் முளை கருகும். பிந்தி நட்டால் நாற்றோடு முழுகும், தப்பினால் அறுப்பு தை மழையில் மாட்டும். தேதி ஒன்றைச் சொல்லி அனுப்புகிற காலம் போய்விட்டது.

புவனகிரிப் பக்கம் என் மச்சானுக்கு இரண்டு வயல். பள்ளத்தில் ஆவணியில் பொன்மணி சப்-1ஐப் புழுதி விதைப்பாக விட்டிருக்கிறார், காய்ந்தால் மறுபடி விதைக்க இன்னொரு மூட்டை விதையை வீட்டில் எடுத்து வைத்திருக்கிறார். மேட்டில் புரட்டாசிக் கடைசியில் மத்திய கால ரகம் நடவு. எந்த வயல் எவ்வளவு கண்டது என்று தை மாதம் கேளுங்கள், மழைமானி நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.